பிளவுக்கு முப்பதடி கிழக்கே

அண்ணாச்சி, இங்கே வீடு கட்டாதீர்கள். நாலே சொல். இதைச் சொல்ல மூங்கில் ஏணியில் ஏறி மேலே போய், வரப்பில் உட்கார்ந்திருக்கும் சென்னியப்பன் முன்னால் நின்றால் போதும். நானோ மத்தியானச் சாப்பாடு முடிந்ததிலிருந்து, அவருடைய காட்டில் அவருடைய சம்மதத்தோடு நாங்களே வெட்டிய இந்தப் பள்ளத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எதிரே நிற்கும் மண்சுவரை மாமியார் புது மருமகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காடு என்றால் இந்தக் கொங்குப் பக்கத்தில் மரமடர்ந்த வனமில்லை, சோளம் விதைக்கிற மேட்டு நிலம். பள்ளம் ஒன்றரை ஆள் ஆழம், ஒரு பஸ் நிற்கிற நீளம். இரண்டு பக்கமும் மண் சரியாமல் இருக்கப் பலகை வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறோம். சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாக நூல் கட்டி, மண்ணின் அடுக்கு மாறுகிற இடத்திலெல்லாம் ஆணி அடித்து, ஆணித் தலையில் கலர்த் துணி சுற்றியிருக்கிறோம். பார்க்கிறவர்களுக்கு ஏதோ திருவிழாத் தோரணம்போல இருக்கும். எனக்கும் முதல் நாள் அப்படித்தான் சந்தோஷமாக இருந்தது. இப்போது வெயில் சாயட்டும் என்று காத்திருக்கிறேன். உச்சி வெயிலில் மண்சுவர் எல்லாவற்றையும் மறைத்துக்கொள்ளும், சாய்ந்த வெயிலில்தான் மெல்லிய கோடுகள் நிழல் கட்டி எழுந்திருக்கும். ஆகையால் நான் சோம்பேறித்தனமாக உட்கார்ந்திருக்கவில்லை, ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறேன். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வயதில் ஒரு விவசாயியிடம் ஒரு வாக்கியம் பேசப் பயம்.

கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்பார்கள். இங்கே குழி வெட்ட வீடு புறப்பட்டுவிட்டது. போன வருஷம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் சின்னச் சின்னதாக நிலம் அதிர்ந்து, அடுக்குப் பானை உருண்டு, ஆட்கள் தெருவுக்கு ஓடிவந்ததால்தான் நாங்கள் இங்கே வந்தோம். பூமிக்கு அடியில் பாறை எங்கே பிளந்திருக்கிறது, அந்தப் பிளவு கடைசியாக எப்போது அசைந்தது என்று வெட்டிப் பார்ப்பது எங்கள் வேலை. சென்னியப்பனிடம் முதல் நாளே எல்லாம் சொன்னேன். அவரும் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். தலையை ஆட்டினால் புரிந்துவிட்டது என்று நினைத்தது என் படிப்பு. அவர் பார்த்தது வேறு. நானும் என்னோடு வேலை பார்க்கும் ஹபீபும் அவர் காடு முழுக்கச் சுற்றுகிறோம், ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறோம், சுத்தியலால் தட்டுகிறோம், இது வேண்டாம் என்கிறோம், அதுவும் வேண்டாம் என்கிறோம், கடைசியில் ஒரு இடத்தில் நின்று இரண்டு பேரும் முகம் மலர்ந்து 'இதுதான்' என்கிறோம். இந்த ஊரில் நீரோட்டம் பார்க்கிறவர் கையில் தேங்காயை வைத்துக்கொண்டு செய்வதும் இதுவேதான். நாலு இடம் கழித்து ஐந்தாவது இடத்தில் நிற்பார். நின்ற இடம் நல்ல இடம். இன்றைக்குக் காலையில் பள்ளத்தை மூட வந்த ஜேசிபிக்காரனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "மூட வேண்டாமுங்க தம்பி, நாளைக்கு வாஸ்து நாளு, இதுலயே அஸ்திவாரம் போடறோம்" என்று திருப்பி அனுப்பிவிட்டு, என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். "அத்தன படிச்சவிங்க, என்ற காடு பூராச் சுத்தி, இந்த எடத்தப் புடிச்சீங்க. என்ற பொண்ணுக்கு இதைவிட நல்ல எடம் ஏதுங் மேடம்?" ஐயோ, அண்ணாச்சி. நிலமெல்லாம் சுற்றி நாங்கள் தேடிப் பிடித்தது உள்ளதிலேயே மோசமான இடத்தை.

அண்ணாச்சி என்று கூப்பிட்டால் அவருக்குச் சிரிப்பு வரும். "மளிகைக் கடைக்காரனாக்கிப் போட்டீங்களே" என்பார். நான் தூத்துக்குடிக்காரி, மரியாதை என்றால் எனக்கு வாயில் அந்தச் சொல்தான் வரும். நல்ல மனுஷன். அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் எப்படியோ போ என்று ரிப்போர்ட்டை எழுதிக்கொண்டு போய்விடலாம். மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலமாயிற்று. ஒரே மகள் மேனகா. கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் கோர்ட்டில் எல்லாம் முடித்துக்கொண்டு போன வருஷம் ஒரு பையோடு திரும்பி வந்தவள். ஈரோட்டில் ஒரு ஆபீஸில் கணக்குப் பார்த்தவள், இப்போது அப்பாவுக்குச் சோறாக்குகிறாள், எங்களுக்குச் சாயங்காலம் டீ கொண்டுவருகிறாள், நாலு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. அவள் பேரில் வீடு. பெண்ணுக்கு எதற்குக் காட்டில் பங்கு என்று அவருடைய அண்ணன் மகன்கள் முறுக்கிக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் பஞ்சாயத்தைக் கூட்டுவதற்குள் அஸ்திவாரம் எழும்பிவிட வேண்டும் என்று இவருக்கு அவசரம். வீட்டின் வாசல் எந்தப் பக்கம் என்பதுகூட முடிவாகிவிட்டது. "என்ற கட்டில்ல உக்காந்து பாத்தா அவ வாசல் தெரியோணும்" என்றார். ஒருவன் மகளுக்குச் செய்கிற காரியத்தில் இதற்குமேல் பாசம் இருக்க முடியாது. அந்தப் பாசத்தை நேராகக் கொண்டுபோய்ப் பிளவின்மேல் உட்கார வைக்கப் போகிறார். நான் கையைக் கட்டிக்கொண்டு மண்ணைப் பார்க்கிறேன். அடியில் உக்கி உதிர்கிற பாறை, அதன்மேல் சரளை, சரளைக்குமேல் செம்மண், அதற்கும் மேலே ஒரு முழத்துக்குக் கரிசல், எல்லாவற்றுக்கும் மேலே ஏர் போன மண். பாறையிலிருந்து ஒரு கோடு சாய்வாக எழும்பிச் சரளையை வெட்டுகிறது. வெட்டிய இடத்தில் ஒரு பக்கத்துச் சரளை மறு பக்கத்தைவிட ஒரு சாண் இறங்கிக் கிடக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழந்தைகூடக் காட்டிவிடும்.

சந்தேகம் கரிசலில். கோடு செம்மண்ணைத் தாண்டிக் கரிசலுக்குள் ஏறுகிறதா, அல்லது அதன் காலடியில் நின்றுவிடுகிறதா? நின்றுவிட்டால் அந்தக் கடைசி அசைவு வெகு வெகு பழையது, இந்தக் கரிசல் படிவதற்கு முன்னால் நடந்தது, மனுஷர் இங்கே சோளம் விதைப்பதற்கெல்லாம் முந்திய கதை. ஏறினால் அது நேற்றைய கதை. எங்கள் கணக்கில் நேற்று என்றால் இரண்டாயிரம் வருஷம். இந்தக் கரிசல் இருக்கிறதே, இதைப்போல ஒரு கள்ளியை நான் பார்த்ததில்லை. மழைக்கு உப்பும், வெயிலுக்குத் தானாகவே வெடிக்கும், வெடித்த இடத்தில் மேல்மண் விழுந்து கோடு போட்டுவைக்கும். அந்தக் கோட்டையும் பூமி பிளந்த கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. எங்களில் எத்தனை பேர் காய்ந்த வெடிப்பைப் பார்த்துப் பூகம்பம் என்று கட்டுரை எழுதிவிட்டுத் தலையில் துண்டு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் ஒரு சுவரை இரண்டு பேர் தனித்தனியே வரைய வேண்டும், வரைந்து முடிக்கும்வரை ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்க்கக் கூடாது என்று வழக்கம். ஹபீப் நேற்றே வரைந்து முடித்துவிட்டு, மண் மாதிரிகளைப் பார்சல் போட டவுனுக்குப் போயிருக்கிறான். கோடு ஏறுகிறது என்று வரைந்தானா, நிற்கிறது என்று வரைந்தானா, அவன் முகத்திலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. "உங்க சுவரு உங்களுக்கு, என் சுவரு எனக்கு" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். கோடு அங்கேயே நின்றுவிடட்டும், மாதாவே, செம்மண்ணிலேயே நின்றுவிடட்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. அப்படி அடித்துக்கொள்கிற மனசோடு சுவரைப் பார்க்கக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். ஆசைப்பட்டதைக் கண் காட்டும். ஆகவே கண்ணை மூடிக்கொள்கிறேன். ஈர மண் மூக்கில் ஏறுகிறது, முட்டுப் பலகையில் எறும்பு ஊர்கிற சத்தம்கூடக் கேட்கும்போல இருக்கிறது.

மத்தியானம் வரதன் சாருக்குப் போன் போட்டேன். எங்கள் பிரிவுக்குத் தலைவர், குரலை உயர்த்தாத மனுஷர். "ஜெசிந்தா, நாம படிக்கத்தான் போறோம், ஜோசியம் சொல்ல இல்ல. பாதி தெரிஞ்சதச் சொன்னா முழு ஊரும் கலையும். ரிப்போர்ட் வரட்டும்." ரிப்போர்ட் எப்போது வரும்? மண் மாதிரி லேபுக்குப் போய், வயது கணித்து, திரும்பி வந்து, மூன்று பேர் படித்து, மூன்று பேரும் சண்டை போட்டு, அச்சாவதற்குள் மேனகா வீட்டுக்கு இரண்டாவது தடவை வெள்ளையடித்திருப்பார்கள். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அவர் ஒரு காலத்தில் வேறொரு ஊரில் நல்ல மனசோடு ஒரு வார்த்தை சொல்லப் போக, அந்த ஊர் நிலத்தை ஒருவரும் வாங்க மாட்டேன் என்று சொல்லி, ஜீப்பைக் கல்லால் அடித்தார்களாம். சரி, சொல்லவில்லை. சொல்வதாக வைத்துக்கொண்டாலும் எப்படிச் சொல்வது? அண்ணாச்சி, இங்கே நிலம் அசையலாம். எப்பங் மேடம்? தெரியாது. இந்த வருசமுங்களா? இருக்காது. பத்து வருசத்துல? அதுவும் பெரும்பாலும் இருக்காது. பின்ன? பத்தாயிரம் வருஷத்துக்குள். இந்த இடத்தில் அவர் சிரிப்பார். நான் அவர் இடத்தில் இருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். அண்ணாச்சி, வாஸ்து சரியில்லை. உடனே கேட்பார், ஒரு கேள்வி கேட்காமல் நகர்த்துவார். ஆனால் அது பொய், என் வாயிலிருந்து அது வந்தால் இத்தனை வருஷம் வெயிலில் காய்ந்ததற்கு அர்த்தம் இல்லை. அண்ணாச்சி, ஒரு சின்ன சந்தேகம். சின்னதுன்னா விடுங் மேடம், மேஸ்திரி பாத்துக்குவாரு. அண்ணாச்சி, பெரிய சந்தேகம். அப்ப ஏனுங் என்ற காட்டுல வந்து குழி வெட்டுனீங்க? சுற்றிச் சுற்றி வந்து அதே ஏணியின் அடியில் நிற்கிறேன்.

காலடி மண் அதிர்ந்தது. சட்டென்று சுவரைப் பிடித்தேன், கை நூல்கட்டத்தில் மாட்டிக்கொண்டது. மேலே ரோட்டில் லாரி. கல் லோடு லாரி, வேறொன்றுமில்லை. நூல் ஆடி நின்றது. எனக்குத்தான் நெஞ்சு ஆடி நிற்கவில்லை. இது என்னுடைய பழைய வியாதி. குஜராத்தில் அந்தப் பெரிய நடுக்கத்துக்குப் பிறகு, படித்து முடித்த சூட்டில், பின்னதிர்வுகளைப் பதிவு செய்கிற குழுவோடு போனேன். இடிந்த ஊருக்கு வெளியே கூடாரம். தலைமாட்டில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர். தண்ணீர் வளையம் போட்டால் எழுந்து உட்காருவேன், வளையம் போடாவிட்டாலும் எழுந்து உட்காருவேன். வயலில் நிலம் வெடித்து ஓடிய ஒரு கோட்டின் பின்னாலேயே நடந்தேன் ஒரு நாள். வரப்பைத் தாண்டி, வேலியைத் தாண்டி, ஒரு வீட்டின் முற்றத்தைத் தாண்டி, அடுப்படி வழியாகப் போயிருந்தது. அந்த வீட்டு அம்மா பாதி அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள், எனக்கும் ஒன்று கொடுத்தாள். கோட்டைக் காட்டி அவள் பாஷையில் ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை, ஆனாலும் புரிந்தது. இது இங்கே இருப்பது யாருக்காவது முன்னாலேயே தெரியுமா? அப்போது என்னால் தைரியமாகத் தலையை ஆட்ட முடிந்தது, தெரியாது, யாருக்கும் தெரியாது என்று. அந்த ரொட்டியை நான் நிம்மதியாகத் தின்றேன். பின்னதிர்வுகளுக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் நாள் நூறு வந்தால் பத்தாம் நாள் பத்து வரும், நூறாம் நாள் ஒன்று. குறைந்துகொண்டே போகும், ஒரேயடியாக நிற்காது. இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர்கள் அழுதுகொண்டிருக்கிற பெண்களையும் பார்த்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றும். மேனகாவுக்கு இது எத்தனையாவது நாள்? வந்த புதிதில் கதவு சாத்துகிற சத்தத்துக்கே திடுக்கிடுவாளாம். இப்போது டீ கொண்டுவரும்போது வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுக்கிறாள். குறைந்திருக்கிறது. எனக்கும் குறைந்துதான் இருக்கிறது. அன்றைக்கெல்லாம் லாரி போனால் கூடாரத்துக்கு வெளியே ஓடுவேன், இன்றைக்குச் சுவரைப் பிடித்ததோடு சரி.

இந்தச் சமயத்தில் அம்மாவின் போன். "ஏட்டி ஜெசி, இன்னும் அந்தக் குழிக்குள்ளயா கெடக்க? மேல ஏறி வந்து மனுசாள் கூடப் பேசுனா என்ன?" வேறு எதற்கோ சொன்னாள், தங்கச்சி மகளின் கல்யாணப் பேச்சு, நான் போன் எடுப்பதில்லை என்று. ஆமாம் என்றேன், சரி என்றேன், வைத்துவிட்டேன். ஆனால் போனை வைத்த கையோடு ஒன்று தோன்றியது. இவ்வளவு நேரமாக இந்தக் கோடு ஏறுகிறதா நிற்கிறதா என்று தெரிந்தால்தான் பேச முடியும் என்று உட்கார்ந்திருக்கிறேனே, ஏன்? தெரியாது என்பதைச் சொல்வதற்கு எந்த ரிப்போர்ட் வேண்டும்? தெரியாது என்பது எனக்கு இப்போதே, இந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, நன்றாகத் தெரியுமே. சரளை ஒரு சாண் இறங்கியிருக்கிறது, அது தெரியும். மறுபடி இறங்குமா, அது தெரியாது. கட்டி முடித்த வீடு என்றால் இந்தத் 'தெரியாது' என்பதை வைத்துக்கொண்டு ஒருவரை வெளியேற்ற முடியாது, அது பாவம், வரதன் சார் சொல்வது அங்கே சரி. ஆனால் கட்டாத வீட்டை நகர்த்துவதற்கு என்ன செலவு? ஒரு கயிறு, நாலு முளைக்குச்சி. இந்தப் பிளவு ஊரையெல்லாம் விழுங்குகிற பூதமில்லை, இந்த இடத்தில் ஒரு ஆள் கையை விரித்தால் அடங்குகிற அகலம். கிழக்கே முப்பதடி தள்ளினால் அடியில் பாறை ஒரே துண்டாகக் கிடக்கிறது, நாங்களே தட்டிப் பார்த்து 'இது வேண்டாம், இங்கே ஒன்றுமில்லை' என்று கழித்த இடம். எங்களுக்கு ஒன்றுமில்லாத இடம்தான் வீட்டுக்கு நல்ல இடம். ஊர் கலைய வேண்டாம், நிலத்தை விற்க வேண்டாம், முப்பதடி. இத்தனை சின்ன விஷயத்தையா நான் மலையாக்கிக்கொண்டிருந்தேன்? சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே அடங்கியது. கிழக்கே முப்பதடி என்றால் அங்கே ஆளுயரத்துக்கு எழும்பி நிற்கும் பாறைத் திட்டுக்கு அப்பால். அங்கே வீடு எழும்பினால் மேற்கே இருக்கும் சென்னியப்பன் வீட்டுக் கட்டிலிலிருந்து வாசல் தெரியாது. பத்தாயிரம் வருஷத்துக்குள் வரப்போகிற ஒன்றுக்காக, தினம் காலையில் கண் விழித்ததும் மகள் வாசலைப் பார்க்க வேண்டும் என்கிற மனுஷனிடம் அதை விட்டுவிடு என்று எந்த முகத்தோடு கேட்பேன்?

வெயில் சாய்ந்துவிட்டது. மேற்குப் பக்கத்துப் பலகை விளிம்புக்கு மேலாக ஒரு கீற்று உள்ளே வந்து சுவரில் படுத்தது. நூல்களின் நிழல் நீண்டது. நான் ஸ்டூலைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறிக் கரிசலின் காலடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். கோடு இருக்கிறது. செம்மண்ணின் விளிம்பில் கொஞ்சம் தயங்கி, ஒரு விரலளவு கரிசலுக்குள் போனதுபோல இருக்கிறது. அல்லது வெயிலுக்கு வெடித்த வெடிப்பு ஒன்று மேலேயிருந்து இறங்கி வந்து அதன் தலையைத் தொட்டதுபோல இருக்கிறது. கரணையால் சீவினேன், தண்ணீர் தெளித்தேன், இந்தக் கண்ணை மூடி அந்தக் கண்ணால் பார்த்தேன். தெரியவில்லை. பென்சிலை எடுத்து அந்த ஒரு விரலளவுக்கு மட்டும் புள்ளி புள்ளியாகக் கோடு போட்டேன். புள்ளிக்கோடு போட்டால் எங்கள் பாஷையில் 'சந்தேகம்' என்று அர்த்தம். ஆச்சரியம், அதைப் போட்டதும் மனசு லேசாகிவிட்டது. மேலே செருப்புச் சத்தம் கேட்டது.

"ஏனுங்க்கா, டீ ஆறுது. மேல வர்றீங்களா, நான் எறங்கட்டுங்களா?"

"எறங்கி வா, மேனகா."

ஒரு கையில் தூக்குவாளியும் டம்ளரும் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஏணியைப் பிடித்து, எங்கள் எல்லாரையும்விட லாவகமாக இறங்கினாள். டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு உடனே ஏறிவிடுவாள் என்று நினைத்தேன். ஏறவில்லை. சுவரைப் பார்த்தாள்.

"இந்தக் கோடுதானுங்களா நீங்க மத்தியானத்துல இருந்து மொறச்சுட்டு இருக்கறது?"

இதுதான் சமயம் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. டீ சூடாக இருந்தது, வாய் தானாகத் திறந்துகொண்டது. "மேனகா, நாளைக்கு உங்கப்பா பூசை போடுற வீடு இந்தக் கோட்டு மேல உக்காரும். இந்தச் சரளையப் பாரு, இந்தப் பக்கம் ஒரு சாண் எறங்கியிருக்கா? ஒரு காலத்துல நிலம் இங்க அசைஞ்சிருக்கு. மறுபடி அசையுமான்னு எனக்குத் தெரியாது. உன் பேத்தி காலம் வரைக்கும் ஒண்ணும் ஆகாம போகலாம். ஆனா நானா இருந்தா இது மேல கட்ட மாட்டேன்."

அவள் கையைச் சரளைமேல் வைத்தாள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு விரலை இறக்கிப் பார்த்தாள். அழுவாளோ, இதற்கும் எனக்கு யோகமில்லை என்பாளோ என்று பயந்தேன்.

"நீங்களா இருந்தா எங்கக்கா கட்டுவீங்க?"

"கிழக்க. முப்பதடி தள்ளினா போதும். பாறை கெட்டியா கெடக்கு. ஆனா..." நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அந்தத் திட்டு மறைச்சிரும். அப்பா கட்டில்ல இருந்து வாசல் தெரியாது."

மேனகா சரளையிலிருந்து கையை எடுத்துத் தட்டிக்கொண்டாள். பிறகு சிரித்தாள். இந்தப் பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஏனுங்க்கா, இந்த ஊட்டைப் பத்தி என்ற கிட்டப் பேசற மொத ஆளு நீங்கதானுங்க. மேஸ்திரி அளவு கேக்கறதும் அப்பாகிட்ட, பெரியப்பா பசங்க சண்டைக்கு வர்றதும் அப்பாகிட்ட. எங்க வேணும், வாசல் எப்படி வேணும்னு என்னைய ஒருத்தருமே கேக்கலீங்க."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. நானும் கேட்கவில்லையே. மத்தியானத்திலிருந்து எத்தனை வாக்கியம் ஜோடித்தேன், ஒவ்வொன்றும் அண்ணாச்சி என்றுதான் ஆரம்பித்தது. அந்த வீட்டில் படுக்கப் போகிறவள் தினம் இந்த ஏணிக்கு மேலே டீயோடு வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறாள். நான் பத்தாயிரம் வருஷத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"உனக்கு எங்க வேணும்?" என்றேன்.

என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள். நானும் பின்னாலேயே ஏறினேன். வெளிச்சத்தில் கண் கூசியது. மேனகா சோளத்தட்டு அறுத்த காட்டில் விறுவிறுவென்று கிழக்கே நடந்துகொண்டிருந்தாள். வரப்பில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்துக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்த சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏ கண்ணு, டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு எங்க போற?"

"என்ற ஊட்டுக்குங்ப்பா."

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கத்தில் வரப்பிலேயே உட்கார்ந்து சொன்னேன். நாங்கள் தேடிப் பிடித்தது நல்ல இடத்தையில்லை, பிளவை என்று சொன்னேன். முதல் நாளே இதை அவருக்குப் புரியும்படி சொல்லாதது என் பிழை என்றும் சொன்னேன். வரதன் சாருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், அது என் பாடு. சென்னியப்பன் மஞ்சள் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப, நடுங்குமுங்களா?"

"தெரியாது அண்ணாச்சி. சத்தியமா தெரியாது."

"தெரியாதுங்கறதச் சொல்லறதுக்கா மத்தியானத்துல இருந்து குழிக்குள்ளயே உக்காந்துட்டீங்க?"

கோபமா, கேலியா, கண்டுபிடிக்க முடியவில்லை. கிழக்கே மேனகா பாறைத் திட்டில் ஏறினாள். அந்தப் பக்கம் இறங்கினாள். தலை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. அவர் எழுந்து நின்றார். நின்றும் தெரியவில்லை போல, வரப்பின்மேல் ஏறி நின்றார். அந்த முகத்தில் ஓடியதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். ஒரு தகப்பன் வாசலை விட்டுக்கொடுக்கிற முகம் அது.

"எத்தன அடின்னீங்க?"

"முப்பது."

"அவ இந்நேரம் நூறடி தாண்டியிருப்பாளே."

அங்கேயும் அடியில் பாறைதான், நல்ல பாறை. அவர் கொஞ்ச நேரம் அந்தத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பிலிருந்து இறங்கி, திட்டுவரை வேகமாக நடந்து போய், அதன்மேல் ஏறி நின்று, கையை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார்.

"ஏ மேனகா! தண்ணிக் கொழாய் அத்தன தூரத்துக்கு எட்டாது. சித்த இக்கட்டால தள்ளி வா, சாமி!"

நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேனகா வெறுங்காட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி அப்பாவைப் பார்த்தாள், குழாய் எவ்வளவு தூரம் வரும் என்று கண்ணாலேயே அளந்து பார்த்தாள். இரண்டு அடி முன்னால் வந்தாள். அதற்குமேல் வரவில்லை.